கம்ப்ரஸரின் கணக்கு: சவ்வுவழி வாயுப் பிரிப்பில் ஆற்றல் எங்கே போகிறது?

பிரான்சில் ரோன் நதிக்கரையை ஒட்டிய திரிகாஸ்தன் வளாகத்தில் 1979 முதல் 2012 வரை ஜார்ஜ் பெஸ் என்ற யுரேனியச் செறிவூட்டல் ஆலை ஓடியது. யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவை நுண்துளைச் சவ்வுகளின் வழியே செலுத்தி, அணு உலைக்கு வேண்டிய யுரேனியம்-235இன் விகிதத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது அதன் வேலை. இரண்டு ஐசோடோப்புகளைத் தாங்கிய மூலக்கூறுகளின் எடை 349, 352. எடை குறைந்தது சற்று வேகமாகத் துளையைக் கடக்கும். அந்த வேக விகிதம் 1.0043தான். இவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்துப் பிரிக்க 1,400 கட்டங்கள் தேவைப்பட்டன. சவ்வைக் கடந்து அழுத்தம் இழந்த வாயுவை மறுபடி அழுத்தக் கட்டத்துக்கு ஒரு கம்ப்ரஸர், அது கிளப்பும் சூட்டைத் தணிக்க ஒரு குளிர்விப்பான். பக்கத்திலேயே நான்கு அணு உலைகள், ஒவ்வொன்றும் 900 மெகாவாட்டுக்கு மேல். அவற்றில் மூன்றின் மின்சாரம் இந்த ஆலைக்கே போயிற்று.

பிறகு வந்த மையவிலக்கு இயந்திரங்கள் அதைக் கடையைக் கட்ட வைத்தன. செறிவூட்டல் வேலையின் ஓர் அலகுக்குச் சவ்வு வழியில் சுமார் 2,400 யூனிட் மின்சாரம் பிடித்தது. மையவிலக்குக்கு 50 யூனிட் அளவில் போதும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சவ்வு என்றாலே ஆற்றல் மிச்சம் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. 2016இல் டேவிட் ஷோல், ரயன் லைவ்லி இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, உலகம் செலவிடும் ஆற்றலில் 10 முதல் 15 சதவீதம் பொருள்களைப் பிரித்தெடுப்பதற்கே போகிறது என்று காட்டியது. கொதிக்க வைத்து வடிப்பதை விட்டுவிட்டுச் சவ்வுக்கு மாறினால் அதில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையும் அதிலிருந்து வலுப்பெற்றது. கொதிக்க வைக்கத் தேவையில்லை என்பது உண்மை. அதற்காகச் சவ்வு இலவசமாக வேலை செய்துவிடாது. சவ்வுக்கு வேண்டியது அழுத்த வேறுபாடு. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது கம்ப்ரஸரோ வெற்றிடப் பம்போதான். மின்கட்டணம் வருவதும் அவற்றின் பெயரில்தான். ஆகவே ஆற்றல் சிக்கனம் என்ற கேள்வியைச் சவ்வுப் பொருளின் தரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எந்த வாயுவை அழுத்துகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம், அழுத்தியதை எங்கே வீணாக விடுகிறோம் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1831இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் மிட்செல் என்ற மருத்துவர், ரப்பர் பலூனுக்குள் அடைத்த வாயுக்கள் வெவ்வேறு வேகத்தில் வெளியேறுவதைக் கண்டார். 1866இல் தாமஸ் கிரகாம் ரப்பர் படலத்தின் வழியே காற்றை இழுத்து, அதில் ஆக்சிஜனை 41 சதவீதம் வரை உயர்த்தினார். வாயு படலத்தில் கரைந்து, ஊடே பரவி, மறுபக்கம் வெளிவருகிறது என்ற விளக்கமும் அவருடையதே. ஆனால் தடித்த படலத்தில் வாயு ஊரும் வேகம் தொழிலுக்கு உதவாது. சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் இருவரும் 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் கடல்நீருக்காகச் செய்த படலம், மேலே மிக மெல்லிய தோலும் கீழே நுண்துளைத் தாங்கியுமாக அமைந்து அந்தத் தடையை உடைத்தது. மொன்சாண்டோவில் ஜே ஹெனிஸ், மேரி டிரிப்போடி இருவரும் உள்ளீடற்ற இழைகளின் மேல் சிலிகோன் பூசி நுண்ணிய ஓட்டைகளை அடைத்த பிறகு, 1980 அளவில் 'பிரிசம்' என்ற பெயரில் வாயுச் சவ்வு விற்பனைக்கு வந்தது.

குறைந்தபட்சம் எவ்வளவு?

எந்தக் கலவையைப் பிரிக்கவும் வெப்ப இயக்கவியல் ஒரு தரை விலையை வைத்திருக்கிறது. நிலக்கரி மின்நிலையத்தின் புகைவாயுவில் கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம் என்று கொள்வோம். அறை வெப்பநிலையில் அதை முழுவதும் பிரித்தெடுக்க, ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் குறைந்தது 48 யூனிட் வேண்டும். 60 சதவீத மீத்தேனும் 40 சதவீத கார்பன் டை ஆக்சைடும் உள்ள சாண எரிவாயுவுக்கு, ஒரு கனமீட்டருக்கு 0.02 யூனிட். எந்தத் தொழில்நுட்பமும் இதற்குக் கீழே போக முடியாது.

நடைமுறையில் சாண எரிவாயுவைச் சவ்வால் தூய்மையாக்கும் ஆலைகள் கனமீட்டருக்கு 0.2 முதல் 0.3 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. தரை விலையைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும். எந்திரத்தின் உராய்வும் சூடும் இதில் ஒரு பங்குதான். மீதி, பிரிப்பு நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு மூலக்கூறு உள்பக்கத்தின் உயர்ந்த பகுதி அழுத்தத்திலிருந்து (கலவையின் மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) வெளிப்பக்கத்தின் தாழ்ந்த பகுதி அழுத்தத்துக்கு விழும்போது, அந்த வீழ்ச்சியிலிருந்து எந்த வேலையையும் நாம் திரும்பப் பெறுவதில்லை. வீழ்ச்சியைக் குறைத்தால் ஓட்டம் மந்தமாகும், சவ்வின் பரப்பைக் கூட்ட வேண்டிவரும். மின்கட்டணத்துக்கும் முதலீட்டுக்கும் இடையிலான இந்த இழுபறி சவ்வு வடிவமைப்பில் எங்கும் தொடர்ந்து வரும்.

அழுத்த விகிதம் என்ற கடிவாளம்

சவ்வு பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பகுதி தேர்வுத்திறனைப் பற்றியது. ஒரு வாயு மற்றொன்றைவிட எத்தனை மடங்கு எளிதாக ஊடுருவுகிறது என்ற எண் அது. லாயிட் ராப்சன் 1991இல் நூற்றுக்கணக்கான பாலிமர்களின் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் வைத்து, ஊடுருவுதிறன் கூடினால் தேர்வுத்திறன் குறைகிறது என்றும் அதற்கு ஒரு மேல் எல்லைக் கோடு இருக்கிறது என்றும் காட்டினார். 2008இல் கோட்டைத் திருத்தினார். அன்று முதல் அந்தக் கோட்டைத் தாண்டுவதே பல ஆய்வகங்களின் குறிக்கோள். நல்ல குறிக்கோள்தான். ஆனால் ஆலையில் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் எண் பல நேரம் வேறொன்று: சவ்வின் இருபக்க அழுத்தங்களின் விகிதம்.

அதே புகைவாயுவை எடுத்துக்கொள்வோம். உள்பக்கம் 1 பார் அழுத்தம். வெளிப்பக்கத்தில் வெற்றிடப் பம்பு வைத்து 0.2 பார். விகிதம் 5. உள்ளே கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 0.12 பார். வெளியே சேரும் வாயுவில் அது 60 சதவீதத்தை எட்டினால் அங்கும் பகுதி அழுத்தம் 0.12 பார் ஆகிவிடும். தள்ளுவதற்கு வேறுபாடு இல்லாமல் ஓட்டம் நின்றுபோகும். எவ்வளவு உயர்ந்த சவ்வைப் போட்டாலும் 60 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. நைட்ரஜனை ஒரு துளியும் விடாத, குறையே இல்லாத சவ்வு ஒன்று இருந்தால் என்ன ஆகும்? வெளியே சேர்வது சுத்தமான கார்பன் டை ஆக்சைடு, அதன் அழுத்தம் 0.2 பார். உள்ளே இருப்பதோ 0.12. ஒரு மூலக்கூறுகூடக் கடக்காது. நைட்ரஜன் கொஞ்சம் கசிந்து வெளிப்பக்கத்தை நீர்த்துப்போகச் செய்தால்தான் இந்த விகிதத்தில் சவ்வு வேலையே செய்யும். தேர்வுத்திறனை 50இலிருந்து 500 ஆக்கப் பல ஆண்டு உழைப்பவர்கள் முதலில் போட்டுப்பார்க்க வேண்டிய கணக்கு இது.

நிலைமை வாயில்முனையில்தான் இந்த அளவுக்குச் சாதகம். வாயு சவ்வை ஒட்டி நகர நகர அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைந்துகொண்டே போகும். 2 சதவீதத்துக்கு வந்துவிட்ட கடைசிப் பகுதியில் ஊடுருவி வெளிவருவது 10 சதவீதத்தைத் தாண்டாது. ஊடுருவிய வாயு அங்கங்கே உடனே வெளியேறும் குறுக்கோட்ட அமைப்பில் 90 சதவீதத்தைப் பிடிப்பதென்றால், சேரும் வாயுவின் சராசரித் தூய்மை 29 சதவீதத்தைத் தாண்டாது. உள்ளே வந்த வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவ்வைக் கடந்துவிடும்.

விகிதம் 5 என்று முடிவானபின், அதை எந்தப் பக்கத்தில் உண்டாக்குவது? புகைவாயு முழுவதையும் 5 பாருக்கு அழுத்தலாம். 80 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் என்றால், பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 370 யூனிட் ஆகும். நிலக்கரி மின்நிலையம் 1,000 யூனிட் உற்பத்திக்கு ஏறக்குறைய 900 கிலோ முதல் ஒரு டன் வரை கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். அழுத்திய வாயுவில் பெரும்பகுதி நமக்கு வேண்டாத நைட்ரஜன். எஞ்சிய நைட்ரஜனை டர்பைனில் விரித்துக் கால் பங்கு அளவுக்கு மீட்கலாம். மாறாக வெளிப்பக்கத்தில் வெற்றிடம் வைத்தால் சவ்வைக் கடந்த வாயுவை மட்டும் பம்பு இழுத்தால் போதும். வெற்றிடப் பம்பின் திறனை 70 சதவீதம் என்று குறைத்தே எடுத்துக்கொண்டாலும் டன்னுக்கு 155 யூனிட் அளவில் முடிகிறது.

இந்த மிச்சத்துக்கு விலை உண்டு. வெற்றிடத்தில் தள்ளுவிசை ஐந்தில் ஒன்று, எனவே சவ்வுப் பரப்பு ஐந்து மடங்கு. வெளிப்பக்கக் குழாய்களும் தாராளமாக இருக்க வேண்டும். 0.2 பாரில் ஓடும் வாயு, சுருட்டிய சவ்வின் இடைவெளிகளில் நெளிந்து வரும்போது 0.05 பார் இழந்தால், சவ்வின் முதுகில் அழுத்தம் 0.25 ஆகிவிடும். விகிதம் 5இலிருந்து 4, கிடைக்கும் உச்சத் தூய்மை 60இலிருந்து 48 சதவீதம். சவ்வின் வேதியியலில் பத்தாண்டு பாடுபட்டுப் பெற்ற முன்னேற்றத்தை, சவ்வு அடுக்குகளுக்கு இடையே வைக்கும் வலையின் தடிமன் தின்றுவிடக்கூடும். அதனால்தான் இந்தத் துறையில் உழைக்கும் பொறியாளர்கள் சவ்வைவிடச் சவ்வை அடுக்கும் கூட்டின் வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள்.

2010இல் டிம் மெர்க்கல், ரிச்சர்ட் பேக்கர் முதலியோர் கலிஃபோர்னியாவின் எம்டிஆர் நிறுவனத்திலிருந்து வெளியிட்ட வடிவமைப்பு இந்தத் திசையில் நான் மிகவும் மதிப்பது. அவர்களுடைய 'போலாரிஸ்' சவ்வின் தேர்வுத்திறன் சுமார் 50. ஆய்வக உச்சங்களோடு ஒப்பிட்டால் சாதாரணம். ஊடுருவும் வேகத்தில்தான் அவர்கள் கவனம் வைத்தார்கள், ஏனென்றால் பரப்பைக் குறைப்பது அதுதான். முதல் படியில் வெற்றிடம் வைத்து எளிதாக வரும் பங்கை எடுத்தார்கள். கடினமான கடைசிப் பங்குக்கு வெற்றிடமே வைக்கவில்லை. கொதிகலனுக்கு எப்படியும் உள்ளே போகவேண்டிய காற்றைச் சவ்வின் வெளிப்பக்கமாக எதிர்த்திசையில் ஓடவிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லை என்பதால் அது தானாகக் கடந்து காற்றோடு சேர்ந்து கொதிகலனுக்குத் திரும்பும். விளைவாகப் புகைவாயுவில் அதன் விகிதம் 13லிருந்து 18 சதவீதம் அளவுக்கு உயரும். முதல் படியின் வேலை இன்னும் எளிதாகும். காற்றை நகர்த்தும் விசிறியின் மின்சாரம்தான் கூடுதல் செலவு. 600 மெகாவாட் நிலையத்தில் உற்பத்தியில் சுமார் 16 சதவீதத்தைச் செலவிட்டு 90 சதவீதத்தைப் பிடிக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். இதற்குச் சவ்வு லட்சக்கணக்கான சதுர மீட்டர் வேண்டும். கொதிகலனில் ஆக்சிஜன் விகிதம் குறைவதால் சுடர் நிலைகொள்ளுமா என்பதையும் சோதிக்க வேண்டியிருந்தது. பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்தார்கள். அலபாமாவின் வில்சன்வில்லில் நாளொன்றுக்கு 1 டன், பிறகு 20 டன் என்று வளர்ந்து, வயோமிங்கின் டிரை ஃபோர்க் மின்நிலையத்தில் நாளுக்கு நூறு டன்னுக்கு மேல் பிடிக்கும் முன்னோடி ஆலை வரை அது வந்திருக்கிறது.

அழுத்தம் ஏற்கெனவே இருக்கும் இடங்கள்

சவ்வு முதலில் வென்ற களங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும்: அங்கெல்லாம் அழுத்தத்தை வேறொருவர் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்தார். அம்மோனியா ஆலையில் தொகுப்பு வளையம் நூறு பாருக்கு மேல் ஓடுகிறது. ஆர்கானும் மீத்தேனும் சேர்ந்துவிடாமல் இருக்க அதிலிருந்து கொஞ்சம் வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும். அதோடு ஹைட்ரஜனும் போய்விடும். மொன்சாண்டோவின் சவ்வு அந்த ஹைட்ரஜனை மீட்டது. ஊடுருவிய ஹைட்ரஜனை ஒரேயடியாகத் தாழ்ந்த அழுத்தத்துக்கு விடாமல், இரண்டு அழுத்த நிலைகளில் தனித்தனியாக எடுத்து, ஆலையின் பெரிய கம்ப்ரஸரில் அந்தந்த அழுத்தத்துக்கு ஒத்த கட்டங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். புதிய கம்ப்ரஸரே வேண்டியிருக்கவில்லை. நாற்பது ஆண்டுக்கு முந்தைய இந்த அமைப்பைவிடச் சுத்தமான சிக்கன வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

இயற்கை எரிவாயுவும் அப்படித்தான். பாகிஸ்தானின் காதிர்பூரில் 1995இல் தொடங்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு ஆலைக்கு வாயு 59 பார் அழுத்தத்தில் வந்தது. கார்பன் டை ஆக்சைடை 6.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். மீத்தேன் சவ்வைக் கடக்காமல் உள்பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே அழுத்தத்தில், குழாய்க்குப் போகிறது. இங்கே ஆற்றல் இழப்பு வேறு முகத்தில் வரும்: கார்பன் டை ஆக்சைடோடு கசியும் மீத்தேன். அதை மீட்க இரண்டாவது கட்டம் வைத்தால் அதற்கு ஒரு கம்ப்ரஸர். இத்தகைய இடங்களில் தேர்வுத்திறன் உயர்ந்தால் உண்மையாகவே ஆற்றல் மிச்சமாகும், ஏனெனில் அழுத்த விகிதம் தாராளமாக இருக்கிறது. சுத்த வாயுக்களை வைத்து ஆய்வகத்தில் அளந்த எண்ணை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. உயர்ந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு பாலிமரை ஊறவைத்து இளக்கிவிடும். செல்லுலோஸ் அசிட்டேட்டின் தேர்வுத்திறன் 30க்கு மேல் இருந்து களத்தில் 15க்கு வந்துவிடுவது வழக்கம்.

கட்டங்களை அடுக்குதல்

ஒரே கட்டத்தில் தூய்மையும் மீட்பும் சேர்ந்து கிடைப்பது அரிது. அடுக்கினால் இரண்டும் கிடைக்கும், ஆனால் திரும்பிவரும் ஒவ்வொரு ஓட்டத்தையும் மறுபடி அழுத்த வேண்டும். சாண எரிவாயு ஆலைகளில் இன்று பரவலாகியிருக்கும் மூன்று கட்ட அமைப்பு இதற்குப் புத்திசாலித்தனமான விடை. எவோனிக் நிறுவனம் தன் பாலிஇமைடு இழைகளோடு இதைப் பரப்பியது. முதல் கட்டத்தில் எஞ்சிய மீத்தேன் இரண்டாம் கட்டத்துக்குப் போய் இன்னும் தூய்மையாகிறது. முதல் கட்டத்தைக் கடந்து வந்த வாயு மூன்றாம் கட்டத்துக்குப் போய்க் கசிந்த மீத்தேனை விடுவிக்கிறது. இரண்டிலிருந்தும் திரும்பும் வாயு ஒரே கம்ப்ரஸரின் வாய்க்கு வருகிறது. மீத்தேன் மீட்பு 99 சதவீதத்தைத் தாண்டும்.

இங்கே நம்மூர் வடிவமைப்பாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தியாவில் வாகனங்களுக்கான அழுத்தப்பட்ட சாண எரிவாயுவின் தர விதி குறைந்தது 90 சதவீத மீத்தேன் கேட்கிறது. ஐரோப்பியக் குழாய்வலைக்காக 97 சதவீதத்துக்கு வகுத்த அமைப்பை அப்படியே இறக்கி நிறுவினால், யாரும் கேட்காத தூய்மைக்காகத் திரும்புவாயுவை ஆண்டு முழுவதும் அழுத்திக்கொண்டிருப்போம். எவ்வளவு தூய்மை போதும் என்று முதலிலேயே கேட்பதுதான் மலிவான சிக்கன நடவடிக்கை.

அடுக்கும் கலையின் கோட்பாடு யுரேனியத் திட்டங்களிலேயே உருவானது. வெவ்வேறு செறிவுள்ள ஓட்டங்களை ஒருபோதும் கலக்காதே என்பது அதன் மைய விதி. அரும்பாடுபட்டுப் பிரித்ததை மறுபடி கலந்தால் செலவிட்ட ஆற்றல் அத்தனையும் போச்சு. அந்த விதியைச் சரியாகப் பின்பற்றினால் கட்டத்துக்கு ஒரு கம்ப்ரஸர் வேண்டும், தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. ஏர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது ஜியான்குவோ சூ, ராகேஷ் அகர்வால் இருவரும் 1996இல், ஒன்றிரண்டு கம்ப்ரஸர்களை வைத்துக்கொண்டே கலப்பு இழப்பைக் குறைக்கும் அடுக்குகளை முறையாகத் தேடினார்கள். அகர்வால் பின்னர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தார். எத்தனை கட்டம், எந்த ஓட்டம் எங்கே திரும்ப வேண்டும் என்பதை இப்போது கணினி உகப்பாக்கம் ஆயிரக்கணக்கான அமைப்புகளிலிருந்து தேர்ந்துகொடுக்கிறது. சவ்வை மாற்றாமல் குழாய் இணைப்பை மட்டும் மாற்றி மின்சாரத்தைக் குறைக்க முடியும் என்பது இந்த ஆய்வுகளின் பயன்.

எதோடு ஒப்பிடுகிறோம்?

புரொப்பிலீனும் புரொப்பேனும் கொதிக்கும் வெப்பநிலைகளுக்கு இடையே ஐந்தரை டிகிரிதான் வித்தியாசம். அவற்றைப் பிரிக்கும் கோபுரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள். சவ்வுக்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மேலே வரும் ஆவியைக் கம்ப்ரஸரால் அழுத்தி அதன் வெப்பத்தையே அடியில் கொதிக்க வைக்கப் பயன்படுத்தும் கோபுரங்கள் பல ஆலைகளில் ஓடுகின்றன; அவை நீராவி உண்ணும் பழைய கோபுரங்களைவிட மிகச் சிக்கனம். சவ்வை ஒப்பிட வேண்டியது இவற்றோடு. 99.5 சதவீதத் தூய்மையும் உயர்ந்த மீட்பும் சேர்ந்து கேட்டால் சவ்வு அடுக்கின் திரும்பு ஓட்டங்கள் பெருகி, வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. மொத்தப் பிரிப்பின் நடுப்பகுதியைச் சவ்வுக்கும் முனைகளைக் கோபுரத்துக்கும் விடும் கலப்பு அமைப்புகளில்தான் எனக்கு நம்பிக்கை.

கரைப்பானோடு ஒப்பிடும்போதும் தவறு நேர்கிறது. அமீன் கரைப்பானில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க 3.6 கிகாஜூல் வெப்பம், அதாவது 1,000 யூனிட், ஆகிறது என்று சொல்லிவிட்டுச் சவ்வின் சில நூறு யூனிட்டைப் பக்கத்தில் வைத்தால் சவ்வு அபாரமாகத் தெரியும். முன்னது 120 டிகிரி நீராவி, பின்னது மின்சாரம். அந்த நீராவியை டர்பைனிலேயே விட்டிருந்தால் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகியிருக்கும். 200 முதல் 250 யூனிட் என்பதே நேர்மையான ஒப்பீடு. அப்போது இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் 2016 முதல் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடா உப்பு செய்தது கரைப்பான் முறைதான். நீராவி கையிலிருக்கும் இடத்தில் அது இயல்பான தேர்வு.

நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் அமீன், திண்ம உறிஞ்சி, கால்சியச் சுழற்சி, சவ்வு ஆகிய நான்கையும் அதே புகையில் சோதித்துப் பார்த்தார்கள். சூளையின் கழிவு வெப்பம் கரைப்பானைக் கொதிக்க வைக்கப் போதுமானதாக இருந்ததால் அமீன் தேர்வாயிற்று. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் ஆலை 2025இல் திறக்கப்பட்டது. அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளுக்கு இதே கேள்வி வரும்போது விடை வேறாக இருக்கலாம். இந்தியச் சிமென்ட் ஆலைகள் பலவற்றில் சூளையின் கழிவு வெப்பம் ஏற்கெனவே மின் உற்பத்திக்கும் சுண்ணாம்புக்கல்லை உலர்த்தவும் போய்விடுகிறது. கரைப்பானுக்குத் தர மிச்சம் குறைவு. சிமென்ட் புகையில் கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதே 0.2 பார் வெற்றிடத்தில் உச்சத் தூய்மை 60 சதவீதம் என்ற தடை அங்கே 100 சதவீதத்துக்கு விலகுகிறது. நீராவி கேட்காமல் மின்சாரம் மட்டும் கேட்கும் முறைக்கு, பகலில் சூரிய மின்சாரம் மலிந்துவரும் மாநிலத்தில், பிரெவிக்கில் கிடைக்காத வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வேண்டிய கணக்கை அந்தந்த ஆலையின் புகை அளவையும் தூசியையும் ஈரத்தையும் வைத்து இப்போதே போடத் தொடங்கலாம்.